படத்துக்கு வந்த நான்கு பேர்

என் கோபக்காரிக்கு,

உன் அண்ணன் வீட்டுக்குப் போன பிறகு முட்டிவலி குறைந்ததா? நம் பைத் தையலகத்தில் ஒரு மாதமாக மெஷின் ஓடவில்லை என்பதை உனக்கு எழுதக் கை வரவில்லை.

நேற்று அரசாங்கத்திலிருந்து படம் பிடிக்க வந்தார்கள். "சிறுதொழில்தாங்க நாட்டுக்கே முதுகெலும்பு. ஆளுங்க வேலை செய்யற மாதிரி இருக்கட்டும்" என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார் அதிகாரி. முதுகெலும்பு ஒரு மாதமாகப் படுத்துக் கிடக்கிறது என்று நான் சொல்லவில்லை.

வேலையை விட்டு நிறுத்திய நான்கு பெண்களுக்கும் முந்தின நாளே சொல்லியனுப்பியிருந்தேன். படத்துக்கு என்று சொல்ல வாய் வராமல், "நாளைக்கு வந்துடுங்க" என்று மட்டும் சொன்னேன், புத்தி கெட்டவன். நான்கு பேரும் சாப்பாட்டு டப்பாவோடு வந்து நின்றார்கள்.

துணி ஏது? பழைய பள்ளிக்கூடப் பை ஒன்றைப் பிரித்துப் பிரித்துத் தைத்தார்கள். படம் பிரமாதமாக வந்திருக்கிறதாம்.

கிளம்பும்போது அவர்களில் கண்ணாடிக்காரம்மா கேட்டாள்: "அண்ணே, நாளைக்கும் எட்டு மணிதானே?"

தலையாட்டிவிட்டேன்.

இப்போது மணி ஏழு ஐம்பது. வாசலில் செருப்புச் சத்தம் கேட்கிறது. உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

உன் வீட்டுக்காரன்