வலைத்துண்டும் ஞாயிற்றுக்கிழமைகளும்

அண்ணை,

இன்று தபாலில், நீதிமன்றத்துக்கு நீங்கள் கொடுத்த வலைத்துண்டு திரும்பி வந்தது. வழக்கு முடிந்துவிட்டதால் சான்றுப்பொருளை அனுப்புகிறோம் என்று ஒரு வரி மட்டும். பையைத் திறந்ததும் ஒஸ்லோ எல்லிங்ஸ்ருட்டில் என் சின்ன வீடு முழுக்கக் கப்பல் எண்ணெய் நாற்றம். யன்னலைத் திறக்க மனம் வரவில்லை.

மன்னாரில் உங்கள் ஊர்க் கரையில் அந்த எண்ணெய் ஒதுங்கியபோது, கப்பலின் காப்புறுதிக் கம்பனி நாம் இருக்கும் ஒஸ்லோவில்தான் இருக்கிறது என்று என் வீட்டுக்கு ஓடிவந்தீர்கள். ஊராரின் இழப்பீட்டுப் படிவங்கள் எல்லாம் என் மேசையில் குவிந்தன. "இவங்கடை நொர்ஸ்க் பாஷை உனக்குத்தானே வரும். நீ நிரப்பு, நான் தேத்தண்ணி போடுறன்" என்றீர்கள். உங்கள் தேத்தண்ணியை வாயில் வைக்க முடியாது; இப்போதாவது சொல்லிவிடுகிறேன்.

கடலுக்குப் போக முடியாத நாட்கள் எத்தனை என்று படிவம் கேட்டது. மீன்பிடித் தடை போட்ட நாளிலிருந்து எடுத்த நாள்வரை ஒன்றுவிடாமல் எண்ணி எழுதினேன். உங்கள் கத்தோலிக்க ஊரில் ஞாயிற்றுக்கிழமை ஒருவரும் வலை போடுவதில்லை என்பது சைவக்காரனான எனக்குத் தெரியாது. நீங்களும் என்னை நம்பிப் பார்க்காமலே அனுப்பிவிட்டீர்கள்.

நீதிமன்றத்தில் கம்பனி வழக்கறிஞர் அதைப் பிடித்துக்கொண்டார். ஊரையே பொய்க்காரர் ஆக்கப் பார்த்தார். நான் வாயைத் திறக்குமுன் நீங்கள் எழுந்தீர்கள்.

"சனம் பொய் சொல்லேல்லை. நாள் எண்ணினது நான். பிழை என்ரை."

அதை நொர்ஸ்க்கில் மொழிபெயர்த்துச் சொல்லவேண்டியவன் நான். சொன்னேன்.

திரும்பும்போது ரயிலில், "உன்ரை பிழை எண்டால் நீ எழுதின எல்லாத்தையும் தூக்கி எறிவாங்கள். பேசாமல் இரு" என்றீர்கள். ஞாயிறுகளைக் கழித்துத் திரும்ப எழுதினோம். வழக்கு முடியுமுன், மாரிக் குளிரில் நீங்கள் கண்ணை மூடிவிட்டீர்கள்.

ஊராருக்கு இழப்பீடு கிடைக்கிறது, அண்ணை. இன்று ஊரில் இருக்கும் உங்கள் தம்பிக்கு அதைச் சொல்ல ரெலிபோன் எடுத்தேன். பிழை யாருடையது என்பதையும் சொன்னேன்.

"ஞாயிறையே மறந்த மனுசன் எண்டு நான் அவரோடை கதைக்கிறதை விட்டிட்டன்" என்று அழுதார். "கடைசிவரை கதைக்கேல்லை."

எனக்கு இது தெரியாது. ஒவ்வொரு கிழமையும் என்னோடு இருந்து தேத்தண்ணி குடித்தீர்கள், ஒரு சொல் சொல்லவில்லை. தனிமையை நான்தான் அனுபவிக்கிறேன் என்று நினைத்திருந்தேன்.

நாளை ஞாயிறு. நீங்கள் போனபின் ஞாயிறுகளில் நான் வேலைக்குப் போவதில்லை. கோயிலுக்கும் போவதில்லை. வீட்டில் சும்மா இருந்து, அன்று நீதிமன்றத்தில் நான் சொல்லாமல் விட்டதை நொர்ஸ்க்கில் சொல்லிப் பார்க்கிறேன்: பிழை என்னுடையது.