சோபாவைக் கைப்பற்றியவர்

மே 14, வியாழன்

இன்னும் கோபம் அடங்கவில்லை. இரண்டு நாள் தங்க வந்த என் வீட்டுக்காரரின் சித்தப்பா, திருநெல்வேலி வெயிலுக்கு ஓசூர் குளுகுளுவென்று இருக்கிறது என்று மூன்றாவது வாரமாக எங்கள் மூக்கண்டப்பள்ளி வீட்டில் இருக்கிறார். ஷிப்ட் முடிந்து வந்தால் எனக்குக் கால் நீட்ட சோபா இல்லை. காபித்தூளை அரிசி டிரம்முக்குள் ஒளித்து வைத்தேன். அதையும் கண்டுபிடித்துவிட்டார்.

ஜாடையாகப் புரியட்டும் என்று ஒரு நாவலைக் கொடுத்திருந்தேன். போர்க்காலக் கதை. எதிரி நாட்டு அதிகாரி ஒருவன் ஒரு குடும்பத்தின் வீட்டைப் பிடித்துக்கொண்டு கிளம்பவே மாட்டான்.

"கதை எப்படி மாமா?" என்று இன்று கேட்டேன்.

"அந்த ஆபீசர் பாவம்மா. ஒருத்தரும் அவனுக்கு ஒரு வாய் காப்பி குடுக்க மாட்டேங்காவ," என்று கண் கலங்கினார். "முழுசாப் படிச்சிட்டுத்தான் ஊருக்குப் போவேன்."

தினமும் இரண்டு பக்கம்தான் படிக்கிறார். அதையாவது பொறுத்துக்கொண்டிருப்பேன். அதற்குள் என் வீட்டுக்காரர் அடுக்களையிலிருந்து குரல் கொடுத்தார். "சித்தப்பா, அதுக்கு ரெண்டாம் பாகமும் இருக்கு!"

இந்த மாதிரிக் கதைகளில் காட்டிக்கொடுப்பதற்கென்றே வீட்டுக்குள் ஒருவன் இருப்பான். நான் அவனுக்குத்தான் கழுத்தை நீட்டியிருக்கிறேன்.