நக்கலார் கடைசியாகச் சொன்ன சொல்

இஞ்சேருங்கோ,

கலியாணம் கட்டிய நாள் முதல் உங்களை இப்படித்தான் கூப்பிட்டேன். நீங்கள் போன பிறகும் பெயரைச் சொல்லி எழுதக் கை வரவில்லை. நீங்கள் இல்லாமல் ஒரு வருடம் ஆகப்போகிறது. உலக யுத்தம் முடிந்துவிட்டது, கூப்பன் அரிசிதான் முடியவில்லை. கொட்டாஞ்சேனை அப்படியே இருக்கிறது. கொழும்புத் துறைமுகத்தில் கப்பல் ஊதினால், நீங்கள் வேலைக்குப் புறப்படும் சத்தம் கேட்கிறதா என்று இன்னும் காது கொடுக்கிறேன்.

ஆனால் எனக்குக் கேட்பது உங்கள் சிரிப்பு. ஆண்டவரின் பாடுகளைக் காட்டும் பாஸ்கு நாடகத்தில் சிரிப்பீர்களே, அந்தச் சிரிப்பு. குசினியில் அடுப்புக்கு முன்னால் நிற்கும்போது முதுகுக்குப் பின்னால் கேட்கிறது. திரும்பினால் ஒருவரும் இல்லை.

மன்னார்ப் பக்கத்து வழக்கப்படி நம்முடைய பாஸ்குவில் ஆண்டவராக மனிதர் நடிப்பதில்லை. கையும் தலையும் அசையும் மரச் சுரூபம்தான். அதற்கு முள்முடி வைத்து, சிவப்புச் சால்வை போர்த்தி, ஓர் உரோமைச் சேவகன் முழங்காலிட்டு, “வாழ்க, ராசாவே!” என்று பழிக்க வேண்டும். வருடா வருடம் அந்தச் சேவகன் நீங்கள்தான். மீன்காரியிடம் பேரம் பேசவே கூச்சப்படுகிற மனிதர், மேடையில் ஏறினால் அந்தச் சொல்லை நீட்டி, இளித்து, பிறகு சிரிப்பீர்கள். சனம் மாரில் அடித்துக்கொண்டு அழும். அதற்குப் பிறகு தெருவில் சின்னதுகள், “நக்கலார் வாறார்!” என்று ஓடும். வெட்கப்படுகிற மாதிரிக் காட்டிக்கொள்வீர்கள். உள்ளுக்குள் பெருமைதான்.

ஆட்கள் கலைந்த பின் நீங்கள் சுரூபத்தின் பாதத்தைத் துணியால் துடைத்துவிட்டு, கொஞ்ச நேரம் தனியே அங்கே இருந்துவிட்டு வருவீர்கள். ஒருமுறை கேட்டேன்.

“சுரூபத்திட்டை என்ன சொன்னனீங்கள்? மன்னிப்புக் கேட்டனீங்களோ?”

“இல்லை. மேடையில சொன்னதைத்தான் திருப்பிச் சொன்னனான்.”

என்னையும் நக்கலடிக்கிறீர்கள் என்று நினைத்துக் கோபப்பட்டேன்.

பிறகு அந்தக் காய்ச்சல் வந்தது. சாகக் கிடப்பவர்களுக்குக் கொடுக்கும் அவஸ்தைப் பூசுதலைச் சுவாமியார் கொடுத்து, சிலுவையில் தொங்கும் பாடுபட்ட சுரூபத்தை உங்கள் கண்முன்னே பிடித்து, “சேசுவே, என்னை இரட்சியும் எண்டு சொல்லும்” என்றார். நீங்கள் கண்ணைத் திறந்து பார்த்தீர்கள்.

“வாழ்க, ராசாவே!”

அதே நீட்டல், அதே இளிப்பு. அதைத் தொடர்ந்து தொண்டைக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. அதோடு போய்விட்டீர்கள்.

சுவாமியாரின் கை அந்தரத்தில் நின்றது. உங்கள் அக்கா திரேசம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு வெளியே ஓடினார். “கடைசி மூச்சிலயும் ஆண்டவரை நக்கலடிச்சுப்போட்டானே! என்ரை தம்பியின்ரை ஆத்துமம் எங்கை போய்ச் சேரும்?” என்று முற்றத்தில் நின்று கதறினார். அதன் பிறகு என் வாசற்படி மிதிக்கவில்லை. நான் அவரிடம் போய் என்ன சொல்வது? அதே கேள்விதான் என்னையும் தின்றுகொண்டிருந்தது. நீங்கள் செபித்தீர்களா, பழித்தீர்களா?

இந்தப் பெரிய வெள்ளிக்கு ஒரு தையல்காரர் சேவகனாக நின்றார். பாவம், பயந்துபோய் முணுமுணுத்தார். ஒரு கண்ணும் நனையவில்லை. கூட்டம் நெருக்கித் தள்ளியதில் திரேசம்மா மச்சாளும் நானும் தோளோடு தோள் ஒட்டி நின்றோம். முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டவர், கொஞ்ச நேரத்தில் பகையை மறந்து என் காதுக்குள் கதைத்தார்.

“இவன் என்ன, பாடமாக்கி ஒப்புவிக்கிறான். தம்பியெண்டால் மனசாரச் சொல்லுவான்.”

“என்ன சொன்னனீங்கள், மச்சாள்?”

“மனசார எண்டு…” அத்தோடு நின்றுவிட்டார்.

“அப்ப கடைசியிலயும் மனசாரத்தானே சொன்னவர்?”

மச்சாள் என் கையை இறுக்கிப் பிடித்தார். இந்த வருடப் பாஸ்குவில் அழுதது நாங்கள் இரண்டு பேரும்தான்.

யோசித்துப் பார்த்தேன். அன்று ஆண்டவருக்கு முள்முடி வைத்த சேவகர்கள் நக்கலாகச் சொன்னதில் ஓர் எழுத்துக்கூடப் பொய்யில்லை. அவமானப்படுத்துவதாக நினைத்து, உண்மையிலேயே முடிசூட்டிவிட்டார்கள். அவர்களுக்கு அது தெரியாது. உங்களுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே வருடக்கணக்காக அந்த ஒரே ராகத்தில் சொல்லிப் பழகிய வாய்க்கு, சாகும்போது வேறு ராகம் எங்கிருந்து வரும்?

மச்சாள் இப்போது வீட்டுக்கு வருகிறார். உங்கள் ஆண்டுப் பூசைக்கு அவரே சுவாமியாரிடம் சொல்லி வைத்திருக்கிறார்.

அவரிடம் நான் சொல்லாதது ஒன்று உண்டு. சிரிப்பு இன்னும் கேட்கிறது. கடைசியில் வந்த அந்தச் சத்தம் சிரிப்பா, மூச்சா? யாரைப் பார்த்துச் சிரித்தீர்கள்? பயமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் இப்போதெல்லாம் நான் திரும்பிப் பார்ப்பதில்லை, நின்று கேட்கிறேன்.

என் முறை வரும்போது என் முன்னாலும் சுரூபத்தைப் பிடிப்பார்கள். நானும் அதையேதான் சொல்வேன், உங்களைப் போலவே நீட்டி. சுற்றி நிற்பவர்கள் என்னவும் நினைக்கட்டும். அந்தக் குரல் கேட்டால் நான்தான் என்று தெரிந்துகொண்டு மோட்ச வாசலுக்கு வாருங்கோ.

உங்கள் மனைவி,
நக்கலாரின் றீத்தம்மா