‘சரி’ என்ற சொல்லுக்காக

17 ஜூலை 2006, திங்கள்

இன்று கம்பெனியில் என்னால் ஒரு டை, தகட்டை அழுத்தி வடிவமைக்கும் இரும்பு அச்சு, உடைந்தது.

பிரஸ் மெஷினில் தகடு சிக்கிக்கொண்டது. "அண்ணா, ஆஃப் பண்ணுங்க" என்று சூப்பர்வைசர் மஞ்சு கத்தினான். "ஆஃப் பண்றேன்" என்று திருப்பிச் சொல்லிவிட்டு, சுவிட்சில் கையை வைத்தபடி நின்றேன். அவன் ‘சரி’ சொல்வான் என்று காத்திருந்தேன். அதற்குள் டை இரண்டாகிவிட்டது.

நான் முன்பு இருந்த விமானப்படையில், செயற்கைக்கோளுக்குக் கட்டளை அனுப்பும் அறையில் அதுதான் முறை. சொன்னதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். அதிகாரி ‘சரி’ என்ற பிறகுதான் பொத்தானைத் தொடலாம். தவறான கட்டளை ஒன்று போய்விட்டால், வானத்தில் இருப்பதைக் கீழே இறக்கிப் பழுது பார்க்க முடியாது. இதை மேனேஜரிடம் எப்படிச் சொல்வது? அங்கே பார்த்த வேலையை வெளியில் பேச மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டவன் நான். இந்த டைரியில் எழுதுவதே தப்பு.

"மெஷின் உங்களுக்கு செட் ஆகாது சார்" என்றார் மேனேஜர். "கேட்ல செக்யூரிட்டியா நில்லுங்க. மிலிட்டரிக்காரருக்கு அதான் சரிப்படும்."

தலையாட்டிவிட்டு வந்தேன். ஓசூரில் இது மூன்றாவது கம்பெனி. இதையும் விட்டால் எங்கே போவது, தெரியவில்லை. மனைவி செல்வியிடம் இன்னும் சொல்லவில்லை. மெஷின் வேலை என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள்.

"லைட்ட அணைச்சிட்டு வந்து படுங்க" என்று சற்று முன்பு உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். "அணைக்கிறேன்" என்றேன்.

அவள் ‘சரி’ என்று சொல்லவில்லை. விளக்கு இன்னும் எரிகிறது.