வாட்சில் சொல்ல முடியாதது

மஸ்கட், வியாழன்

அப்பாவுக்கு வணக்கம். முழங்கால் வலி தேவலையா? நான் நலம்.

அம்மா கையில் கட்டியிருந்த, இப்போது நீங்கள் கட்டியிருக்கும் வாட்சு போனில் பேசினால் நடவு வயல் முழுக்கக் கேட்கிறது, அதனால் எழுதுகிறேன். அம்மா இறந்து மூன்று மாதம் ஆகியும், செவ்வாயன்று பழக்கத்தில் அவளிடம் பேசத்தான் அழைத்தேன். உங்கள் குரல் வந்தது.

நடவுப் பெண்கள், "ராமாயி மவளா? ஒங்கப்பாரு வாட்ச காதுல அழுத்திக்கிட்டு நிக்கிறாரும்மா!" என்று கத்தினார்கள். சிரித்தேன்.

"சாப்டியாம்மா?" என்றீர்கள்.

"சாப்டேம்ப்பா."

சாப்பிடவில்லை.

தினமும் மறக்காமல் சார்ஜ் போடுங்கள். போனவர்களின் பொருளைப் பாதுகாத்து வைப்பதிலெல்லாம் நம்பிக்கை இல்லாதவள்தான் நான். ஆனாலும் வாட்சுப் பட்டை இடுக்கில் அம்மா கடைசியாக நட்ட வயலின் சேறு இருக்கும். அதைக் கழுவ வேண்டாம்.

நான் பாடம் எடுக்க வேண்டிய வகுப்புக்கு மணி அடித்துவிட்டது.

எழில்மொழி