பதினொன்றே கால் அடி

போன வாரம் பெருங்குடியில் என் மகள் வேலை பார்க்கும் அலுவலகத்துக்குப் போயிருந்தேன். அவள் மறந்து வைத்துவிட்டுப் போன சாப்பாட்டுப் பையைக் கொடுக்கத்தான். அங்கே புதிதாகக் கார்ப்பெட் ஒட்டியிருந்தார்கள். கதவைத் திறந்ததும் பசை வாடை முகத்தில் அடித்தது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

"இன்னாம்மா, தலை சுத்துதா?" என்று வாசலில் இருந்த செக்யூரிட்டி தண்ணீர் கொண்டுவந்தார்.

ஒன்றுமில்லை என்றேன். நீ கண்ணை மூடி இன்னும் ஒரு மாதம்கூட ஆகவில்லை. உன் அண்ணா போனில் சொன்னபோதுகூட நான் இப்படி உட்கார்ந்துவிடவில்லை.

தொண்ணூற்றைந்தா, தொண்ணூற்றாறா என்று சரியாக நினைவில்லை. நான் அப்போது பாண்டி பஜாரில் திரைச்சீலையும் கார்ப்பெட்டும் விற்கிற ஒரு கடையில் இருந்தேன். நாம் கடைசியாகப் பார்த்துக்கொண்டு நான்கு வருஷம் ஆகியிருந்தது. லஸ் பக்கத்து டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் அடுத்தடுத்த மிஷினில் உட்கார்ந்து தட்டிய நாட்களோடு நாம் நேரில் பார்ப்பது நின்றுபோயிருந்தது. உன் கல்யாணத்தின்போது எனக்கு அம்மை போட்டிருந்ததால் வர முடியவில்லை. பிறகு உன்னிடமிருந்து இரண்டு கடிதம் வந்தது. அப்புறம் இல்லை. கல்யாணமானவர்களின் கடிதம் அப்படித்தான் நிற்கும் என்று நானும் விட்டுவிட்டேன்.

ஒருநாள் கடைக்கு ஒருவர் வந்தார். இஸ்திரி கலையாத சட்டை, மெதுவான பேச்சு. அடையாற்றில் மாடி வீடு, படுக்கையறைக்குச் சுவரிலிருந்து சுவர்வரை கார்ப்பெட் போட வேண்டும் என்றார். நம் ஊர் வெயிலுக்கு வீட்டில் யாரும் அப்படிக் கேட்பதில்லை. எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

"கீழ ஹவுஸ் ஓனர் இருக்காங்க. சத்தம் கேக்குதுன்னு சொல்றாங்க" என்றார்.

"குழந்தைங்க ஓடுறாங்களா சார்?"

அவர் லேசாகச் சிரித்தார். நான் இருப்பதிலேயே கனமானதை எடுத்து விரித்தேன். "இதுக்கு அடியில ஃபோம் ஷீட்டும் போட்டுட்டா, அம்மிக்கல்லே விழுந்தாலும் கீழ கேக்காது சார்" என்றேன். யாரும் சொல்லச் சொல்லவில்லை. வியாபாரம் நன்றாக நடக்க வேண்டும் என்று நானாகச் சொன்னது.

மறுநாள் காலை அளவெடுக்கப் போனேன். வழக்கமாகக் கூட வரும் ஆள் அன்று லீவு. முந்தின நாள் கடைக்கு வந்தவர் கேட்டருகே நின்றிருந்தார். மாடிக்குக் கூட்டிப்போய், வெளியே தொங்கிய பூட்டைத் திறந்தார். வீட்டில் யாரும் இல்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டே உள்ளே போனேன். படுக்கையறையில், ஜன்னலோரமாக, நீ நின்றிருந்தாய்.

என் வாயில் உன் பெயர் வந்துவிட்டது. அதற்குள் உன் முகத்தைப் பார்த்தேன். முன்பின் தெரியாத ஒருத்தியைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தாய். அந்தப் பார்வைதான் என் வாயை அடைத்தது. கன்ன எலும்பு தெரியும்படி இளைத்திருந்தாய். ஒரு மணிக்கட்டில் பழைய புடவைக் கிழிசலைச் சுற்றியிருந்தாய்.

"அவளுக்கு உடம்பு சரியில்ல. பேச மாட்டா" என்றார் அவர்.

டேப்பின் ஒரு முனையைப் பிடிக்க ஆள் வேண்டும் என்றேன். அவர் குனியவில்லை. "நீ பிடி" என்று உன்னிடம் சொல்லிவிட்டு, கதவு நிலையில் சாய்ந்து நின்றார்.

நான் ஜன்னல் சுவரில் முனையை அழுத்திக்கொண்டேன். நீ டேப்பை எதிர்ச்சுவர்வரை இழுத்துப்போய்ப் படித்துச் சொன்னாய்: "பதினொண்ணேகால்."

தரையில் ஓரடி மொசைக் கற்கள். என் கண் தானாக எண்ணிவிடும். பதினான்கு கல் இருந்தன. நிமிர்ந்தேன். நீ கண்ணை எடுக்காமல் மறுபடியும், "பதினொண்ணேகால்" என்றாய். எழுதிக்கொண்டேன்.

ஹாலில், டயலுக்குப் பூட்டுப் போட்டிருந்த டெலிபோன் மணி அடித்தது. அவர் போனார். நீ மூச்சுவிடாமல் சொன்னாய்: "தப்பாவே இருக்கட்டும். அளவு பத்தலைன்னு திரும்பி வா. அண்ணாவ அழைச்சிண்டு வா. தினம் பூட்டிண்டு போறார்."

அவ்வளவுதான். அவர் வந்துவிட்டார். அடுத்த பக்கத்தை அளந்தோம். அதைச் சரியாகப் படித்தாய்.

உன்னை அங்கேயே விட்டுவிட்டு நான் படியிறங்கினேன். பின்னால் பூட்டு விழும் சத்தம் கேட்டது. கூச்சல் போட்டிருக்கலாமே, தெருவில் யாரையாவது கூப்பிட்டிருக்கலாமே என்று இத்தனை வருஷம் கழித்தும் தோன்றுகிறது. அப்போது அது எதுவும் தோன்றவில்லை. கடைக்குப் போகவில்லை. நேராக மயிலாப்பூரில் உன் அண்ணா வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் முதலில் நம்பவில்லை. "போன வாரம்தானே லெட்டர் போட்டிருந்தா. சௌக்கியமா இருக்கேன்னு எழுதியிருந்தாளே."

"அண்ணா, அவ என்னைத் தெரியாத மாதிரி நின்னா."

அவர் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார். அங்கிருந்தே உன் வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன். அளவில் சந்தேகம், கார்ப்பெட்டை வெட்டுவதற்கு முன் இன்னொரு தடவை பார்க்க வேண்டும் என்றேன். நான்கு மணிக்கு வரச் சொன்னார்.

நான்கு மணிக்கு அவர் பூட்டைத் திறந்தார். நான் உள்ளே போய்க் கதவைச் சாத்தவிடாமல் நின்றுகொண்டேன். உன் அண்ணா மாடிப்படியில் ஓடி வந்தார். அவர் கையைப் பிடித்தபடி நீ வெளியே வந்தாய். செருப்பில்லை, பையில்லை. அழவுமில்லை. கீழ் வீட்டு அம்மாள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

உன் வீட்டுக்காரர் தடுக்கவில்லை, கத்தவில்லை. என்னைப் பார்த்து அதே மெதுவான குரலில், "அப்போ கார்ப்பெட் வேண்டாம்னு சொல்லிடுங்க" என்றார். இதை யாரிடம் சொன்னாலும் நம்புவதில்லை.

அதற்குப் பிறகு நீ நன்றாகத்தான் இருந்தாய். வேலைக்குப் போனாய், மந்தைவெளியில் தனியாக வீடு எடுத்தாய், வாய்விட்டுச் சிரித்தாய். அந்த நாளைப் பற்றி நாம் ஒரே ஒரு தடவைதான் பேசினோம். கனமான கார்ப்பெட்டை எடுத்துக் காட்டியது நான்தான் என்று ஒப்புக்கொண்டேன். நீ வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாய். கத்தி நிற்கவில்லை.

"தெரியும். கடைக்குப் போன அன்னிக்குச் சாயங்காலமே வந்து எங்கிட்ட சொன்னார், 'அம்மிக்கல் விழுந்தாலும் கேக்காதாம், கடைக்காரி சொல்றா'ன்னு."

நீ நறுக்கிய காயை வாணலியில் போட்டுவிட்டு, "நீ வந்தியேடி. அது போறும்" என்றாய்.

எனக்குப் போதவில்லை. அந்தக் கடையில் மேலும் பன்னிரண்டு வருஷம் இருந்தேன். அளவெடுக்கப் போன எந்த வீட்டிலும், அங்கே இருக்கிற எல்லாரையும் பார்க்காமல் கிளம்பியதில்லை. "அவங்க உள்ள தூங்குறாங்க" என்றால், எழுந்ததும் கலர் கேட்டுக்கொள்கிறேன் என்று உட்கார்ந்துவிடுவேன். முதலாளி திட்டுவார். திட்டட்டும் என்றிருப்பேன்.

உனக்கு முன்னால் நான் அளந்த வீடுகள்தான் இப்போதும் நினைவுக்கு வருகின்றன. ஆழ்வார்பேட்டை, தேனாம்பேட்டை, கோட்டூர்புரம். நீளம், அகலம் எழுதிக்கொண்டு, மோர் கொடுத்தால் குடித்துவிட்டு வந்திருக்கிறேன். சில வீடுகளில் ஓர் அறை சாத்தியிருக்கும். அது யார் அறை என்று நான் கேட்டதே இல்லை.