கறிக்கடைக்குக் கறுப்புப் பை

அம்பாசமுத்திரம்

அன்பு மகள் நஃபீஸத்துக்கு உம்மா ஆசையோடு எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் வாப்பாவும் நல்ல சுகம், அந்தக் குளிரில் நீ இருமலில்லாமல் இருக்கிறாய் என்று கேட்டால்தான் எங்கள் சுகம் முழுசாகும். உன் சிநேகிதி ஷமீம் ஞாயிற்றுக்கிழமை உன் ஊருக்குப் பறக்கிறாள் என்றதும் இதை எழுத உட்கார்ந்தேன். போனில் பேசினால் நீ பாதியில் அழுதுவிடுகிறாய், எனக்கும் சொல்ல வந்தது மறந்துபோகிறது.

பை அறுந்துபோகாமல் இருக்க மக்காச்சோளப் பிளாஸ்டிக்கில் நீ கலக்கும் கிராஃபீன் என்ற கரிப்பொடியால் அது கறுத்துவிடுகிறது, யார் வாங்குவார்கள், அதை எடுத்துவிட்டு வெள்ளையாகச் செய் என்று உன் பேராசிரியர் சொல்கிறார், அடுத்த மாதக் கூட்டத்தில் சரியென்று தலையாட்டிவிடப் போகிறேன் என்றாய். மூன்று வருஷம் கண்விழித்துச் செய்ததை அப்படி விட்டுவிடாதே மகளே. நீ அனுப்பிய பைகள் இங்கே என்ன பாடு பட்டன என்று கேட்டுவிட்டு முடிவு செய். பூக்கடை பொன்செல்வியிடம்தான் முதலில் கொடுத்தேன். கல்யாண வீட்டுப் பூவைக் கறுப்புப் பையில குடுத்தா என்னைய அடிக்க வருவாவ அக்கா என்று கையோடு திருப்பிவிட்டாள். அவள் சொல்வது நியாயம்தான். ஆனால் நம்முடையது கறிக்கடை என்பதை நீ மறந்துவிட்டாயே! நம் பக்கத்தில் கறி என்றாலே கறுப்புப் பைதான். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் பார்க்கக் கூடாது, தெருவில் விரதம் இருக்கிறவர்கள் பார்க்கக் கூடாது. புரட்டாசியில் நம்மிடம் யார் யார் வாங்குகிறார்கள் என்று எனக்குத் தெரியும், எழுத மாட்டேன்.

போன வருஷம் வாப்பா எங்கோ வெள்ளை மக்கும் பை வாங்கிப் போட்டது நினைவிருக்கும். சேரன்மகாதேவி குமரவேல் அண்ணாச்சி அதில் நெஞ்செலும்பு வாங்கிப் போக, ஈரத்தில் பை ஊறி நடு பஸ்ஸில் அறுந்து, எலும்பெல்லாம் சீட்டுக்கு அடியில் உருண்டது. மறுநாள் கடைக்கு வந்து, எங்க வீட்டுக் கொழம்ப ஊரே பாத்துட்டு வே என்று ஒரே சத்தம். அதிலிருந்து மக்கும் பை என்ற பேச்சையே வாப்பா காதில் வாங்கவில்லை, நீ செய்தது என்பதால்தான் இந்தத் தடவை சம்மதித்தார். சோதனை முடியும்வரை தின்கிற பொருள் அதில் படக் கூடாது என்று நீ எச்சரித்தபடி, கறியைத் தேக்கிலையில் இறுக்கிச் சுற்றித்தான் வைத்தார். அதே அண்ணாச்சி, அதே நெஞ்செலும்பு, அதே பஸ். அன்று முழுக்க நான் ஓதிக்கொண்டே இருந்தேன். சாயங்காலம் அவரே போன் போட்டு, பை முழுசா வந்துட்டு வே, எம் பொண்டாட்டி அதக் கழுவிக் காயப்போட்டிருக்கா என்றார். வாப்பா சிரித்த சிரிப்பு பள்ளிவாசல் வரை கேட்டிருக்கும்.

எல்லாப் பையும் அப்படி என்று பொய் சொல்ல மாட்டேன். சிலது கிழிந்தது, கிழிந்த இடத்தில் கறுப்பு கட்டி கட்டியாக நின்றது. பொடி சரியாகக் கலக்காமல் ஒரே இடத்தில் கூடினால் பை அங்கேதான் போகும் என்று நீயே சொல்லியிருக்கிறாய், அவற்றையும் ஷமீமிடம் கொடுத்துவிடுகிறேன். வாழையடியில் புதைத்ததை மழைக்குப் பிறகு தோண்டினேன், தொட்டால் உதிர்கிறது. ஆனால் பை மக்கிய பிறகு அந்தக் கறுப்பு மண்ணில் என்ன ஆகும்? பென்சில் கரி மாதிரிதான் என்றாய், இருந்தாலும் எனக்கு அது ஒரு கவலை, அதைச் சோதித்துப் பார்க்காமல் யாருக்கும் விற்காதே. நிறத்துக்காக மட்டும் வெட்கப்படாதே.

நீ கைவிடப் போவதை வாப்பாவிடம் சொன்னேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். பிறகு, ஏளா, வெள்ளப் பை செய்ய ஊருல ஆயிரம் பேரு இருக்கான், அதுக்கு எம் மவ எதுக்கு, அந்த ஆளு என்ன பேச்சு பேசுதான் என்றார். உன்னை அவ்வளவு தூரம் அனுப்பவே மாட்டேன் என்று நின்றவர் வாயிலிருந்து இதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

கூட்டத்தில் தெளிவாகப் பேச அல்லாஹ் உனக்குத் தைரியத்தைத் தருவானாக, வெறும் வயிற்றோடு போகாதே. ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள். நீ அனுப்பிய பை தீர்ந்துவிட்டது, வேறு பை வாங்க வாப்பா மறுத்துவிட்டார். கடை வாசலில் தன் கையாலேயே அட்டை எழுதித் தொங்கவிட்டிருக்கிறார்: என் மகள் பை வரும்வரை தூக்குச்சட்டி கொண்டு வரவும்.

வஸ்ஸலாம்.
உனக்காகத் துஆ கேட்கும் உம்மா,
ஆசியா உம்மாள்